குஞ்சப்பனையில் எழுத்துப் பிடித்தல்

விதி எளிது. வண்டி வந்து நிற்கும்.
நம்பர் பிளேட்டில் இரண்டு ஆங்கில எழுத்து.
அதே வரிசையில் அவை வருகிற
நீளமான சொல்லைப் பிடிக்க வேண்டும்,
இ-பாஸ் பார்த்து, டிக்கியில் தண்ணீர் பாட்டில் தேடி,
கயிற்றை இழுத்து மூங்கிலைத் தூக்குவதற்குள்.
தோற்றவர் டீ வாங்கணும்.
வர்க்கி சம்பள நாளில் மட்டும்.

பெள்ளிராஜ் பி.காம்., மூன்று அரியர்.
நான் விலங்கியல். ஒப்பந்தம் மார்ச் வரை.
பலா பழுத்த மாதங்களில் கீழ் வளைவில் யானை நிற்கும்.
வண்டிகள் வரிசை கட்டும், எழுத்துகளும்.

பி, இசட் வந்தது ஒரு திருப்பூர் காரில்.
மண்சரிவை அள்ளியபடி எதிரிலேயே
மஞ்சளாய் நின்றுகொண்டிருந்தது விடை.
புல்டோசர். ஒன்பது.
பதிவேட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிப் பார்த்தேன்:
பியும் காணோம், இசட்டும் காணோம்.
புல் மட்டும் முளைத்திருந்தது.

ஏ, க்யூவுக்கு எர்த்க்வேக் என்றேன், பத்து.
அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.
சி, கே-வுக்கு அவன் சிக்குன்குனியா என்றான்.
அது ஆங்கிலமே இல்லையென்று சண்டை.
"எனக்கு வந்தப்ப டாக்டர் இங்கிலீஷ்லதான் எழுதினார்."
பதினொன்று கொடுத்துத் தொலைத்தேன்.
ஐ வராது, ஓ வராது.
ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடுமாம்.
"ஐ-ன்னா நான். என்னைச் சேர்க்கலை பாரு" என்பான்
சம்பளம் தள்ளிப்போகும் மாதங்களில்.

ஏ, ஜி-யில் அவன் பிடித்ததுதான் சாதனை.
எக்ஸாஜரேஷன்.
விரல் விட்டு எண்ணினான். பத்தும் தீர்ந்ததும்
என் விரல் இரண்டைக் கடன் வாங்கினான்.
பன்னிரண்டு. மிகைப்படுத்தல் என்று பொருள்.
கொஞ்ச நேரம் திருப்பித் தரவில்லை.

அன்று பனி.
கோத்தகிரியிலிருந்து இறங்கிய ஆம்புலன்ஸ்
யானைக்காக நின்றது.
நெற்றியில் பெயர் இடம் வலமாய்ப் புரண்டிருக்க,
பிளேட்டில் பி, எல்.
யாரும் ஆட்டத்தைத் தொடங்கவில்லை.
பின்பக்கக் கண்ணாடிக்குள் ஒரு பெண்
சம்பளக் கவரால் யாருக்கோ விசிறிக்கொண்டிருந்தாள்.
மூச்சு வெளியே கேட்டது.
இழுத்து, விட மறந்து, மறுபடி இழுத்து.
பெள்ளிராஜ் தகர டின்னைத் தட்டிக்கொண்டு கீழே ஓடினான்.
நான் டார்ச்சோடு நின்றேன்.

பி, எல். ஆம்புலன்ஸிலேயே இருக்கிறது, ஒன்பது.
வேண்டாம் என்றேன். மனசு அது பாட்டுக்குப் போயிற்று.
ப்ரெத்லெஸ்னெஸ்.
கடைசியில் நாலு எஸ்,
டயரில் காற்று இறங்குகிற மாதிரி.
எண்ணவும் செய்தது. பதினான்கு.
இத்தனை மாதத்தில் இவ்வளவு நீளத்துக்கு நான் போனதில்லை.
கடன் கேட்க நாலு விரல் வேண்டும்.
ஆள் கீழே இருட்டில் டின் தட்டிக்கொண்டிருந்தான்.

யானை பதினேழு நிமிடம் எடுத்துக்கொண்டது.
மூங்கிலைத் தூக்கினேன், நேரம் எழுதினேன்.
சைரன் வளைவு வளைவாய் இறங்கி
எங்கேயோ ஒரு பாதி வளைவில் நின்றது.
தூரத்தால் நின்றதா,
இனி தேவையில்லை என்று நின்றதா, தெரியவில்லை.

பெள்ளிராஜ் சட்டையெல்லாம் உண்ணிமுள்ளோடு திரும்பினான்.
என் முகத்தைப் பார்த்தான்.
நான் அவன் கையைப் பார்த்தேன்.
விரல்கள் மடங்கியிருந்தன, எண்ணி முடித்த கைபோல.
குளிராகவும் இருக்கலாம்.

ஒன்றும் சொல்லாமல் மேல் கடைக்குப் போனான்.
அவன் வருவதற்குள் நான் கீழ்க்கடையில் சொல்லியிருந்தேன்.
பெஞ்சில் நாலு டம்ளர் டீ.
இரண்டு ஆறிப்போயின.

கேரட் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
அவன் போய்ப் பார்த்து நம்பர் சொன்னான்,
எழுத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும்.
நான் கேட்கவில்லை.
இடம் விட்டு எழுதிக்கொண்டேன்.